வடகோடித் தொகுதியில் ஓட்டுப் போட நான்கு வழிகள்: யாருக்கு எது தோதுப்படும்?

2025 ஏப்ரல் 28 அன்று நடந்த கனடா நாடாளுமன்றத் தேர்தலில், வடகோடியிலுள்ள நுனாவுட் தொகுதியில் புதிய ஜனநாயகக் கட்சியின் லோரி இட்லூட், லிபரல் கட்சியின் கிலிக்வாக் கபுலூனாவை 41 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். அங்கே ஊருக்கு ஊர் பறக்கும் ஏடிஆர்-42 விமானம் ஒன்று நிறைந்தால் ஏறத்தாழ அத்தனை பேர் உட்காரலாம். மூடுபனியால் ஒரு விமானம் இறங்காமல் போவது அந்த ஊர்களில் அடிக்கடி நடப்பது. அப்படிப்பட்ட இடத்தில் எந்த நாளில், எந்த வழியில் ஓட்டுப் போடுவது என்பதை முன்கூட்டியே யோசித்து முடிவெடுக்க வேண்டும். யாருக்கு ஓட்டு என்று எவ்வளவு தெளிவாக முடிவு செய்திருந்தாலும், சீட்டு பெட்டிக்குள் போய்ச் சேராவிட்டால் பயனில்லை.

வடக்கில் இது புதிதுமல்ல. சாஸ்காட்செவன் மாகாணத்தின் மேல்பாதியில் விரிந்து கிடக்கும் டெஸ்னெதே–மிசினிப்பி–சர்ச்சில் ரிவர் தொகுதி 2006-இல் 67 ஓட்டிலும், 2015-இல் 82 ஓட்டிலும் முடிவானது. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசம் இருந்தால்தான் நீதிபதி முன்னிலையில் மறு எண்ணிக்கை தானாக நடக்கும். எட்டாயிரம் ஓட்டு விழும் தொகுதியில் அது எட்டு ஓட்டு. எனவே 41 என்பது மறு எண்ணிக்கைக்குக்கூடத் தானாகப் போகாத இடைவெளி.

நுனாவுட் ஒரே தொகுதி. பரப்பு ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 36,858. ஊர்கள் 25. ஓர் ஊரிலிருந்து இன்னொன்றுக்குச் சாலை கிடையாது. ஓட்டுச்சீட்டு, அதிகாரி, தபால் பை எல்லாமே விமானத்தில்தான் வந்தாக வேண்டும். கீழே உள்ள நான்கு வழிகளையும் இந்த ஒரு கண்ணோடுதான் பார்க்க வேண்டும்: ஒவ்வொரு வழியும் எத்தனை விமானங்களை நம்பியிருக்கிறது?

தேர்தல் நாளன்று வாக்குச்சாவடி

பெரும்பாலோர் யோசிக்காமலே எடுக்கும் வழி இது. திங்கட்கிழமை, 12 மணி நேரம் சாவடி திறந்திருக்கும். நேர மண்டலத்துக்கு ஏற்ப மணி மாறும்: இக்கலூயிட்டில் காலை 9:30 முதல் இரவு 9:30, ரான்கின் இன்லெட்டில் 8:30 முதல் 8:30, கேம்பிரிட்ஜ் பேயில் 7:30 முதல் 7:30. சாவடி பெரும்பாலும் ஊர்ப் பொதுமன்றத்திலோ பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்திலோ இருக்கும், நடந்தே போய்விடலாம். வேட்பாளர் பெயர்கள் அச்சிட்ட சீட்டு, பக்கத்தில் வட்டம், அதில் ஒரு குறி. எழுத வேண்டியது எதுவும் இல்லை. வேலையில் இருப்பவருக்கு, சாவடி திறந்திருக்கும் நேரத்துக்குள் தொடர்ச்சியாக 3 மணி நேரம் கிடைக்கும்படி முதலாளி விட வேண்டும் என்பது சட்டம். இந்த உரிமை தேர்தல் நாளுக்கு மட்டும்தான் உண்டு.

இந்த வழியின் பலவீனம், இதற்கு அடுத்த நாள் கிடையாது என்பது. மற்ற மூன்று வழிகளில் ஏதாவது கெட்டுப்போனால் இதற்குத் திரும்பலாம் (தபால் வாக்குக்கு விண்ணப்பித்தவர்கள் தவிர, அதைப் பிறகு சொல்கிறோம்). இது கெட்டுப்போனால் திரும்ப எதுவும் இல்லை. 2025-இல் கியூபெக்கின் வடகோடியான நுனாவிக்கில் இதுவே நடந்தது. அபிட்டிபி–பே-ஜேம்ஸ்–நுனாவிக்–ஈயூ தொகுதியைச் சேர்ந்த, வடகோடிப் பூர்வகுடிகளான இன்யூட் மக்களின் சில கிராமங்களில் சாவடி திறக்கவேயில்லை, சிலவற்றில் நேரத்துக்கு முன்பே மூடிவிட்டார்கள். உள்ளூரில் பணியாளர் கிடைக்கவில்லை, வெளியிலிருந்து வர வேண்டியவர்களை வானிலை தடுத்தது. தலைமைத் தேர்தல் அதிகாரி ஸ்டெஃபான் பெரோ வருத்தம் தெரிவித்தார். அந்த ஊர்க்காரர்களின் ஓட்டு அந்த வருத்தத்தால் திரும்பி வரவில்லை.

ஆகவே இந்த வழியை நம்பலாமா என்பதற்கு ஒரே ஓர் உரைகல்தான்: சாவடியில் உட்காரப் போகிறவர்கள் உள்ளூர்க்காரர்களா? அவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பவர்கள் என்றால், சீட்டும் பெட்டியும் முன்பே வந்துவிட்டால், புயலடித்தாலும் சாவடி திறக்கும். அதிகாரிகள் அன்று காலை விமானத்தில் வந்து மாலையில் திரும்புவதாக ஏற்பாடு என்றால், அந்த நாளை நம்பி இருக்காதீர்கள். இதை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். 16 வயதானவர்கள்கூடச் சம்பளத்துக்குச் சாவடி வேலை பார்க்கலாம். ஊரில் இன்யூட் மொழியான இனுக்டிடுட் பேசும் இளைஞர்கள் நாலைந்து பேர் முன்னதாகவே பெயர் கொடுத்தால் இந்த வழியின் பலவீனத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். ஒரு வேட்பாளருக்காக வீடு வீடாகப் போவதைவிட இது ஊருக்குப் பெரிய உபகாரம் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

முன்கூட்டிய வாக்களிப்பு

தேர்தல் திங்களுக்கு முந்தைய வாரத்து வெள்ளி முதல் திங்கள் வரை நான்கு நாட்கள், காலை 9 முதல் இரவு 9 வரை. 2025-இல் ஏப்ரல் 18 முதல் 21 வரை, ஈஸ்டர் விடுமுறை நாட்களில் நடந்தது. சீட்டு அதேதான், அடையாளச் சான்று விதியும் அதேதான். காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நான்கு நாள் என்பது டொரொன்டோ கணக்கு. தொலைவிலும் தனிமையிலும் உள்ள ஊர்களுக்கு நடமாடும் முன்கூட்டிய சாவடி வைக்க 2018-இல் திருத்திய சட்டம் இடம் தருகிறது. அப்படி வைத்தால் உங்கள் ஊருக்குக் கிடைப்பது ஒரே ஒரு நாளாகவோ சில மணி நேரமாகவோ இருக்கலாம். நான்கு நாள் இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று இருந்தால் சாவடி அடுத்த ஊருக்குப் பறந்திருக்கும். வாக்காளர் தகவல் அட்டையில் உங்கள் முன்கூட்டிய சாவடியின் இடம், நாள், மணி அச்சாகியிருக்கும். அந்த மூன்றையும் படித்துப் பாருங்கள். இடமும் கவனிக்க வேண்டியதே. பல தேர்தல் நாள் சாவடிகளுக்குச் சேர்த்து ஒரே முன்கூட்டிய சாவடி வைப்பதால், சாலை உள்ள வடக்குத் தொகுதிகளில் அது உங்கள் ஊரில் இல்லாமல் போகலாம்.

2021-இல் ஒன்டாரியோவின் கெனோரா தொகுதியில் நடந்தது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது. பிகான்ஜிகம், பாப்லர் ஹில், கேட் லேக் ஆகிய மூன்று முதற்குடி (பூர்வகுடி மக்களின்) ஊர்களுக்கும் தேர்தல் நாள் வேட்டைக் காலத்தில் விழுந்தது. எனவே அங்கே முன்கூட்டிய வாக்களிப்பு மட்டும் நடத்தி முடித்தார்கள், தேர்தல் நாளில் சாவடி வைக்கவில்லை. ஏற்பாட்டின் நோக்கம் நல்லதுதான். அது எல்லோர் காதுக்கும் எட்டவில்லை. செப்டம்பர் 20 அன்று ஓட்டுப் போடலாம் என்று இருந்தவர்களுக்கு ஊரில் சாவடியே இல்லை. உங்கள் ஊர்க் கவுன்சில் நாளை மாற்றிக் கேட்டிருக்கிறதா என்பதைத் தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பே விசாரித்து வைப்பது இதனால்தான்.

ஊரில் முன்கூட்டிய சாவடி உண்டென்றால் எங்கள் முதல் தேர்வு இதுவே. அன்று விமானம் வராமல் போனாலும் ஒரு வாரம் கழித்துத் தேர்தல் நாள் என்ற இரண்டாவது வாய்ப்பு கையில் இருக்கிறது. நான்கு வழிகளில் இப்படிப் பின்னால் ஒரு வாய்ப்பை மிச்சம் வைப்பவை சிலதான். வடக்கில் அந்த மிச்சத்துக்குத்தான் மதிப்பு.

எலெக்‌ஷன்ஸ் கனடா அலுவலகத்தில் நேரில்

பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. தேர்தல் அறிவிப்பு வந்து சில நாட்களில் ஒவ்வொரு தொகுதியிலும், தேர்தலை நடத்தும் இந்தத் தேசிய அமைப்பின் அலுவலகம் திறக்கும். பரப்பு பெரிதான தொகுதிகளில் கூடுதல் அலுவலகங்களும் உண்டு. அங்கே நேரில் போய், சான்றைக் காட்டி, விண்ணப்பம் நிரப்பி, சிறப்பு வாக்குச்சீட்டு வாங்கி, அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். கடைசி நேரம், தேர்தலுக்கு ஆறு நாள் முந்தைய செவ்வாய் மாலை 6 மணி. 2025-இல் அது ஏப்ரல் 22.

இதன் அருமை என்னவென்றால், நாட்டில் எந்த ஊரிலுள்ள அலுவலகத்துக்குப் போனாலும் உங்கள் சொந்தத் தொகுதிக்கே ஓட்டுப் போடலாம். நுனாவுட்டில் பெரிய வைத்தியத்துக்கெல்லாம் தெற்கே பறக்க வேண்டும்: பாஃபின் பக்கத்தார் ஒட்டாவாவுக்கு, கிவாலிக் பக்கத்தார் வினிபெக்குக்கு, கிட்டிக்மியோட் பக்கத்தார் யெல்லோநைஃபுக்கோ எட்மன்டனுக்கோ. பிரசவத்துக்குப் பல வாரம் முன்பே போய்த் தங்குபவர்கள், கூடத் துணைக்குப் போகிறவர்கள் எல்லோரும் தேர்தல் நாளில் ஊரில் இருக்க மாட்டார்கள். தங்குமிடத்திலிருந்து பேருந்து ஏறி அருகிலுள்ள அலுவலகத்துக்குப் போனால் அரை மணியில் வேலை முடியும். மருத்துவமனையில் சேர்ந்து படுத்திருப்பவர்களுக்கு அங்கேயே வாக்களிக்க ஏற்பாடு உண்டு, செவிலியரிடம் கேட்டால் போதும். சுரங்கத்துக்கு இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் வீடு என்று பறந்து போய்வருபவர்கள் இக்கலூயிட் வழியாகப் போகும்போது இதை முடித்துக்கொள்ளலாம். தெற்கே படிக்கும் மாணவர் வீட்டு முகவரியையோ படிக்குமிடத்து முகவரியையோ தம் வசிப்பிடமாகக் கொள்ளலாம். எதைக் கொள்கிறாரோ அந்தத் தொகுதிக்குத்தான் ஓட்டு, அந்த முகவரிக்குத்தான் சான்று.

சிக்கல் சீட்டில் இருக்கிறது. சிறப்பு வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர்கள் அச்சாகியிருக்காது, வெற்றுக் கோடுதான். வேட்பாளரின் பெயரையும் குடும்பப் பெயரையும் நீங்களே எழுத வேண்டும். கட்சிப் பெயரை மட்டும் எழுதினால் செல்லாது. ஒட்டாவாவில் உட்கார்ந்துகொண்டு அந்தத் தொகுதி வேட்பாளர் பெயரை எழுதினாலும் செல்லாது, நுனாவுட் வேட்பாளர்தான் வேண்டும். அலுவலகத்தில் எல்லாத் தொகுதிகளின் பட்டியலும் இருக்கும், கேட்டு வாங்கிப் பார்த்து எழுதுங்கள். இன்னொரு விஷயம்: வேட்புமனு தாக்கல் தேர்தலுக்கு 21 நாள் முன்பு, திங்கள் பகல் 2 மணிக்குத்தான் முடியும். அதற்கு முன்பே போய் எழுதிக் கொடுத்த பெயர் கடைசியில் வேட்பாளராக இல்லாமல் போனால் அந்தச் சீட்டு வீண். பெரிய தொகுதிகளில் தொலைவு கருதி 100-க்குப் பதில் 50 கையெழுத்தே போதும் என்று சட்டம் சலுகை தந்தாலும், கடைசி நாளில்தான் மனு வந்து சேரும் வேட்பாளர்கள் வடக்கில் உண்டு. பட்டியல் உறுதியான பிறகு போவதே நல்லது. 2025 கணக்கில் ஏப்ரல் 9-க்குப் பிறகு, 22-க்குள்.

தபால்

நான்கில் அதிக இடறல் உள்ளது இதுவே. இருந்தும் சிலருக்கு வேறு வழியில்லை என்பதால் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

இணையத்திலோ காகிதத்திலோ விண்ணப்பிக்கலாம். சான்றின் படம் இணைக்க வேண்டும். கடைசி நாள் அதே செவ்வாய் மாலை 6 மணி. ஆனால் அந்த நாளில் விண்ணப்பித்தவருக்கு வடக்கில் தபாலில் சீட்டு வந்து, எழுதி, திரும்பிப் போய்ச் சேருவதற்கு ஆறு நாள் போதாது. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக அந்தக் கடைசித் தேதியை நம்பிவிடக் கூடாது. நுனாவுட் ஊர்களில் வீட்டு வாசலுக்குத் தபால் வராது. அஞ்சலகத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். அஞ்சலகம் மூடியிருக்கும் நாளும், விமானம் வராத நாளும் இரண்டு பக்கமும் கழியும்.

நாட்களை எண்ணிப் பாருங்கள். 2025-இல் அறிவிப்பு மார்ச் 23, வாக்களிப்பு ஏப்ரல் 28, ஐந்து வாரமும் ஒரு நாளும். முதல் வாரத்திலேயே விண்ணப்பித்து, போக இரண்டு வாரம், வர இரண்டு வாரம் என்று வைத்தால்தான் கணக்கு ஒத்துவரும். சீட்டு கைக்கு வந்த பிறகு, வேட்பாளர் பட்டியல் உறுதியானதும் அன்றே எழுதி மறுநாள் பையில் சேர்க்க வேண்டும். சொந்தத் தொகுதிக்குள் இருந்து அனுப்பினால், சாவடி மூடும் நேரத்துக்குள் தொகுதி அலுவலகத்தை அடைந்திருக்க வேண்டும். தொகுதிக்கு வெளியிலிருந்து அனுப்பினால், தேர்தல் நாள் மாலை 6 மணிக்குள், கிழக்கு நேரப்படி, ஒட்டாவாவுக்குப் போய்ச் சேர வேண்டும். அஞ்சல் முத்திரைத் தேதி எதற்கும் உதவாது. 2021 தேர்தலில் தாமதமாக வந்ததால் மட்டும் எண்ணப்படாத தபால் வாக்குகள் நாடு முழுக்க 90 ஆயிரத்துக்கும் மேல்.

உறைகளில் கவனம் வேண்டும். பெயர் எழுதிய சீட்டை மடித்து உள் உறையில் வைத்து ஒட்டுங்கள். உள் உறையில் எதுவும் எழுதக் கூடாது, ரகசியம் காப்பது அதுதான். அதை வெளி உறையில் வைத்து மூடி, வெளி உறையில் உள்ள உறுதிமொழியில் கையெழுத்தும் தேதியும் போடுங்கள். கையெழுத்து விடுபட்டால் உறை பிரிக்கப்படாமலே ஒதுக்கப்படும். கணவனும் மனைவியும் சேர்ந்து சமையலறை மேசையில் எழுதும்போது உறை மாறிப்போவது சாதாரணமாக நடக்கும் தவறு. ஒருவர் முழுக்க முடித்து ஒட்டிய பிறகு மற்றவர் பிரிக்கட்டும்.

அச்சிட்டு வந்திருக்கும் முகவரியையும் ஒரு முறை அலுவலக முகவரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2025-இல் கியூபெக்கின் டெர்போன் தொகுதி மறு எண்ணிக்கைக்குப் பிறகு ஒரே ஓர் ஓட்டில் முடிந்தது. அங்கே ஒரு வாக்காளரின் தபால் வாக்கு அவரிடமே திரும்பி வந்துவிட்டது. உறையில் அச்சிட்டிருந்த அஞ்சல் குறியீடு தவறு. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. டெர்போன் மொன்ட்ரியால் அருகே உள்ள ஊர், தபால் சுலபமாகப் போய்வரும் இடம். அங்கேயே அப்படி.

எல்லாவற்றுக்கும் மேலாக, விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு மனம் மாறி முன்கூட்டிய சாவடிக்கோ தேர்தல் நாள் சாவடிக்கோ போய்ப் போட முடியாது. சிறப்பு வாக்குச்சீட்டு ஒன்றுதான் வழி. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தபாலுக்கும் விண்ணப்பித்து வைப்பவர் தம் மற்ற இரண்டு கதவுகளையும் தாமே சாத்திக்கொள்கிறார். வசந்த காலத்தில் பனிவெளியில் முகாமிட்டு வேட்டைக்குப் போகிறவர், வெளிநாட்டில் இருப்பவர், எந்தச் சாவடிக்கும் எட்டாத வேலைத்தளத்தில் இருப்பவர், இவர்களுக்குத்தான் தபால். வேட்டைக்குப் போகிறவரும்கூட, புறப்படும் முன் முன்கூட்டிய சாவடியோ அலுவலகமோ கிடைத்தால் அதையே எடுப்பது மேல்.

எந்த வழியானாலும் இடறும் இடம்: முகவரிச் சான்று

வடக்கில் சாவடி வாசலில் திருப்பி அனுப்பப்படுபவர்களில் பலருக்குச் சிக்கல் பெயரில் இல்லை, முகவரியில். ஓட்டுநர் உரிமம் ஒன்றே போதும் என்பது விதி, அதில் பெயரும் வசிக்கும் முகவரியும் இருந்தால். வீட்டு எண்ணுக்குப் பதில் தபால் பெட்டி எண் இருக்கும் உரிமங்கள் வடக்கில் ஏராளம். கடவுச்சீட்டில் முகவரி அச்சாகியிருக்காது, எனவே அதுவும் தனியாக நிற்காது. முதற்குடியினரின் தகுதி அட்டையிலும் முகவரி இல்லை.

அப்போது இரண்டு சான்று: இரண்டிலும் பெயர், ஒன்றிலாவது முகவரி. சுலபமான இணை, சுகாதார அட்டையோடு வாக்காளர் தகவல் அட்டை. தகவல் அட்டையை முகவரிச் சான்றாக ஏற்பார்கள், அதனால் அதைக் குப்பையில் போடாதீர்கள். அரசு வீட்டில் குடியிருப்பவர்களுக்கு வாடகை ஒப்பந்தம் செல்லும். மின் கட்டண ரசீதைக் கைபேசித் திரையில் காட்டினாலும் செல்லும். இவை எதுவும் இல்லையென்றால் முதற்குடி நிர்வாகமோ இன்யூட் உள்ளூர் நிர்வாகமோ தரும் வசிப்பிட உறுதிக் கடிதம். அதைத் தேர்தலுக்கு முந்தைய வாரமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு, திங்களில் அலைந்தால் கையெழுத்துப் போட ஆள் இருக்க மாட்டார். வாக்காளர் பட்டியலில் உள்ள விவரமும் சான்றில் உள்ள விவரமும் ஒத்துப்போனால் பெட்டி எண் சிக்கலும் பெரும்பாலும் தீரும். ஆகவே பதிவை முதலில் சரிபார்க்க வேண்டும்.

கடைசி வழி, அதே சாவடிக்குரிய, உங்களை அறிந்த ஒரு வாக்காளர் சான்று சொல்வது. அவரிடம் முழுச் சான்றும் இருக்க வேண்டும். ஒருவர் ஒருவருக்கு மட்டுமே சொல்லலாம். ஒரு தாய் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து மூவருக்கும் சொல்ல முடியாது. இன்னொருவர் சான்றில் ஓட்டுப் போட்டவர் வேறொருவருக்குச் சொல்லவும் முடியாது. பெரிய குடும்பமாக ஒரே வீட்டில் வாழும் ஊர்களில் இந்த விதி கடுமையாகவே கடிக்கிறது. முதல் பிள்ளைக்குத் தாய், இரண்டாவதற்குத் தந்தை, மூன்றாவதற்கு அத்தை என்று வீட்டிலேயே பிரித்துக்கொண்டு போங்கள்.

எனவே ஊரில் இருப்பவருக்கு முன்கூட்டிய சாவடி, தவறினால் தேர்தல் நாள். தெற்கே வைத்தியத்துக்கோ படிப்புக்கோ போயிருப்பவருக்கு அங்கேயுள்ள அலுவலகம். எதற்கும் எட்டாதவருக்கு மட்டும், அறிவிப்பு வந்த முதல் வாரத்திலேயே, தபால். சாவடி திறக்கவில்லை அல்லது நேரத்துக்கு முன் மூடிவிட்டது என்று கண்டால் கலைந்து போகாமல் உடனே 1-800-463-6868 என்ற எலெக்‌ஷன்ஸ் கனடா எண்ணுக்கு அழையுங்கள். கதவடியில் நின்ற நேரத்தையும் எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பதையும் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள். அதிகாரிகள் வந்த விமானம் இன்னும் ஓடுபாதையில் நிற்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள்.